யார் கூட்டிக்கொண்டு வந்தது என்று கேட்டபோது

கவின், இந்தக் கடிதத்தை நீ மட்டும் வாசித்தால் போதாது. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். போன குளிர்காலத்தில் நான் சொன்ன பொய் நம் வீட்டுக்குள் நிற்கவில்லை. நாம் இருக்கும் ரானுயியில் தொடங்கி, பக்கத்து ஊர் மாசிக்குப் போய், நகரத்தின் மறுகோடியில் தகனினிக்குப் போய், யாழ்ப்பாணம் வரைக்கும் போய்விட்டது. கோயில் மண்டபத்தில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நிற்கும் எவரைக் கேட்டாலும், கவின்தான் தன் மாமாவைப் பனிமலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காலை முறித்தவன் என்று சொல்வார்கள். பொய் போன இடமெல்லாம் உண்மையும் போக வேண்டும். இதை நம் தமிழ்ச் சங்கத்துச் செய்தி மடலில் போடும்படி கொடுக்கப்போகிறேன். உனக்குக் கூச்சமாக இருக்கும் என்று தெரியும். இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்.

நீ கிறைஸ்ட்சேர்ச்சுக்குப் போன அன்று விமான நிலையத்தில் அம்மா உன்னிடம் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. "மாமாவின்ர காலைப் பாத்த பிறகும் அங்க மலைக்குப் பக்கத்திலயா வேலை எடுத்தனி?" என்றாள். நீ சிரித்தாய். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளைக் கட்டிப்பிடிக்கக் குனிந்தாய். அவள் கைப்பையைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி நின்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த இடத்தில் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். கார் பார்க்கிங்குக்கு நேரமாகிறது என்று சொன்னேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். மற்றவர்களுக்குத் தெரியாது.

அம்மாவின் ஒரே தம்பி சிவா யாழ்ப்பாணத்திலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்தான். பனியை வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஆடி மாதம், இங்கே நடுக் குளிர்காலம். பனியைத்தான் காட்ட வேண்டும் என்றால் மலையடிவாரத்தில் தெருவோரமே கிடக்கும். அள்ளி எறிந்து விளையாடி, படம் எடுத்து, அன்றைக்கே திரும்பியிருக்கலாம். எனக்கு அது காணாது. நீ உன் நண்பர்களோடு டொங்கரிரோ எரிமலையின் சிவப்புப் பள்ளத்து முகட்டில் நின்று எடுத்த படம் உன் அறைச் சுவரில் இருந்ததே, அந்த முகட்டில் சிவாவோடு நின்று ஒரு படம் எடுக்க ஆசைப்பட்டேன். ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு வழி சொல்கிறவன் நீதான். வங்கியில் நீ, டொக்டரிடம் நீ, மோட்கேஜ் விஷயத்திலும் நீ. சின்னப் பிள்ளையாக இருந்தபோதே என் சார்பில் இங்கிலீஷில் கதைத்தாய். மச்சானுக்கு முன்னால் ஒரு தடவையாவது நான் முன்னுக்கு நடக்க வேண்டும் என்று இருந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

காலையில் கார் நிறுத்துமிடத்தில் வானம் கழுவித் துடைத்த மாதிரி நீலமாக இருந்தது. புல்லில் உறைபனி மினுங்கியது. காற்று இல்லை. சிவா ஓடும் சப்பாத்தும் ஜீன்ஸும் போட்டிருந்தான். உள்ளே பருத்திச் சேர்ட், மேலே அம்மா கொடுத்துவிட்ட என் பழைய கம்பளிக் கோட்டு. நீ போனில் வானிலையைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டாய். "அப்பா, நாட் டுடே," என்றாய். மத்தியானத்துக்கு முன்பே மேற்கிலிருந்து காற்று எழும்பும், முகில் இறங்கும், மேலே வெறும் ஐஸ், சப்பாத்துக்குக் கட்டும் இரும்புப் பல்லு உன்னிடம் ஒரு சோடிதான் இருக்கிறது என்று சொன்னாய். பள்ளத்தாக்கின் முடிவில் இருக்கும் ஊற்றடி வரை போய்த் திரும்புவோம், மாமாவுக்கு அதுவே காணும் என்றாய்.

நான் கையை மேலே காட்டி, "வானத்தைப் பாரடா, ஒரு முகில் கிடக்கே?" என்றேன். சிவாவுக்குக் கேட்கும்படி சத்தமாகத்தான் கேட்டேன்.

இப்போது எனக்குத் தெரிந்ததை வாசிக்கிற மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். கார் நிற்கிற இடத்து வானம் முகட்டின் வானம் அல்ல. கீழே காற்றில்லாமல் இருக்கும்போதே மேலே ஆளைத் தள்ளி விழுத்துகிற காற்று அடிக்கும். ஏற ஏறக் குளிர் கூடும். அந்தக் குளிரின் மேல் காற்று பட்டால் உடம்பில் இருக்கிற சூட்டை உருவிக்கொண்டு போய்விடும். பருத்தி உடுப்பு வேர்வையில் நனைந்தால் பிறகு காயாது. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு குளிர்ப்பெட்டிக்குள் இருக்கிற மாதிரித்தான். பனி என்றால் பஞ்சு மாதிரி என்று நினைக்கிறோம். பகலில் கொஞ்சம் உருகி இரவில் திரும்ப இறுகிய பனி கண்ணாடி மாதிரி இருக்கும். சரிவில் ஒரு கால் தவறினால் நிற்க வழியில்லை. பொழுதும் அங்கே சீக்கிரம் படும். இவை எல்லாவற்றையும் நீ அன்று காலையில் எனக்குச் சொன்னாய். நான் அதைக் கேட்டது இப்போதுதான்.

ஊற்றடி வரை நல்ல நடை. பலகைப் பாதை, இரண்டு பக்கமும் பனி, சிவா குழந்தை மாதிரிக் குனிந்து குனிந்து அள்ளினான். அங்கே நீ நின்றுவிட்டாய். "அப்பா, இதோட காணும். மாமாவின்ர சப்பாத்துக்கு மேல ஏலாது." அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சிவா, இவன் ஹீட் பம்ப் சூட்டுக்குக் கீழ வளந்த பிள்ளை. நாங்கள் வன்னிக் காட்டுக்குள்ளால ஷெல்லடிக்க நடந்தனாங்கள். எனக்கு இவன் நடை பழக்கப்போறானாம்." சிவா சிரித்தான், ஆனால் உன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைக் குறைத்துக்கொண்டான்.  பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துக் கதைக்கக்கூடாது என்று உன்னை வளர்த்தவன் நான். நீ உன் இரும்புப் பல்லுகளைக் கழற்றி, சிவாவின் மெல்லிய சப்பாத்தில் கட்டிப் பார்த்தாய். அது நிற்கவில்லை. திரும்ப உன் காலில் மாட்டிக்கொண்டு, கையிலிருந்த பனிக்கோடரியால் எங்களுக்குப் படி வெட்டிக்கொண்டு முன்னால் ஏறினாய்.

அந்த வன்னி நடையைப் பற்றி நான் உனக்கு ஒருநாளும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று நான் தப்பியது என் வீரத்தால் அல்ல. எங்களுக்கு முன்னால் போன முன்பின் தெரியாத ஒருவர் திரும்பி வந்து, "இந்தப் பக்கம் வராதேங்கோ" என்றார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படியே திரும்பினோம். திரும்பியதால் பிழைத்தோம். அந்தக் கதையை வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, திரும்பியதை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் வைத்துக்கொண்டேன்.

மேலே உள்ள அகன்ற தட்டையான பள்ளத்துக்கு வந்தபோது காற்று தொடங்கியது. முதலில் முகட்டில் பனித்தூள் புகை மாதிரி எழும்பியது. "அழகாயிருக்கு" என்று நான் சொன்னேன். நீ நின்று, "அப்பா, திரும்புவம். பிளீஸ்," என்றாய். உன் குரல் நடுங்கியது. எனக்கு அது குளிரால் என்று தோன்றியது. முகடு கண்ணுக்கு எதிரே தெரிந்தது, இன்னும் ஒரு ஏற்றம்தான். நான் உன்னைத் தாண்டி முன்னால் நடந்தேன். சிவா என் பின்னால் வந்தான். அத்தான் முன்னால் போனால் அவன் வராமல் என்ன செய்வான்?

ஏற்றத்தின் பாதியில் முகில் எங்கள் மேல் இறங்கியது. அது முகில் மாதிரியே இல்லை. நிலம் வெள்ளை, வானம் வெள்ளை, இரண்டுக்கும் நடுவே கோடு இல்லை. என் காலையே நான் காணவில்லை. மேலே எது, கீழே எது என்று தலை சுற்றியது. அப்போதுதான் சிவா "அத்தான்" என்று கூப்பிட்டான். கத்தவில்லை, கூப்பிட்டான். திரும்பிப் பார்த்தபோது அவன் அங்கே இல்லை. பனி மேல் துணி உரசிக்கொண்டு போகிற ஒரு சத்தம், பிறகு கல்லில் எதுவோ மோதிய சத்தம்.

நீதான் இறங்கிப் போனாய். நான் இருந்த இடத்திலேயே குந்தி இருந்தேன். பிறகு மேலே வந்து, என்னைக் குழந்தையை இறக்குகிற மாதிரி ஒவ்வொரு காலாகப் பிடித்து வைத்து இறக்கினாய். சிவாவின் கணுக்கால் திரும்பியிருந்த விதத்தை நான் இங்கே எழுதவில்லை. உன் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றி அவனுக்குப் போட்டாய். ஆபத்துக்கென்று நீ கொண்டுவந்த செம்மஞ்சள் உறைப்பைக்குள் எங்கள் இருவரையும் திணித்து, கீழே உன் பையை விரித்து, நீ காற்று வரும் பக்கம் முதுகைக் கொடுத்து இருந்தாய். உன் பையில் எப்போதும் கிடக்கும், மீட்பு அணிக்குச் சமிக்ஞை அனுப்பும் அந்தச் சிறிய பீக்கனை இழுத்துவிட்டாய். அதை வாங்கியபோது "காசைக் கொண்டுபோய்க் கொட்டுறான்" என்று அம்மாவிடம் சொன்னவன் நான்.

மேலே ஹெலிகொப்டரின் சத்தம் ஒரு தடவை கேட்டது. முகிலுக்கு மேலால் சுற்றிவிட்டுப் போய்விட்டது. அதன் பிறகு எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. என் நடுக்கம் நின்றது. நல்லது, பழகிவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு சூடாக இருந்தது. உண்மையாகவே சூடாக, நல்லூர்த் தேர் வெயிலில் நிற்கிற மாதிரி. கோட்டின் சிப்பைத் திறக்கத் தொடங்கினேன். நீ என் கையில் அடித்தாய். "அப்பா! சிப்பைப் பூட்டுங்கோ!" உன் வாழ்க்கையில் என்னை நீ அதட்டியது அந்த ஒரு தடவைதான். நடுக்கம் நிற்பதும் சூடு தெரிவதும் உடம்பு தோற்கிற அடையாளம் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உனக்கு அது அப்போதே தெரிந்திருந்தது. என்னை நித்திரையாக விடாமல், "அப்பா, ரானுயியில இருந்து சிட்டிக்கு ஸ்டேஷன் பேர் சொல்லுங்கோ" என்றாய். நான் தினமும் வேலைக்குப் போகிற ரயில் லைன். ஸ்டேர்ஜஸ் ரோட், ஹெண்டர்சன் என்று தொடங்கி, அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை. நீ அழுதுகொண்டே "சனிவேல், அப்பா, சனிவேல், திருப்பிச் சொல்லுங்கோ" என்றாய். சிவா பல்லைக் கடித்துக்கொண்டு, தான் பார்த்தே இராத ஸ்டேஷன்களின் பெயரை உன்னோடு சேர்ந்து சொன்னான்.

பொழுது சாயும் முன்னம் முகில் கொஞ்சம் கிழிந்தது. ஹெலி இறங்கியது.

கீழே ஒரு மண்டபத்தில் கம்பளி சுற்றி, சூடான இனிப்புத் தண்ணீர் கொடுத்து எங்களை இருத்தினார்கள். சிவாவை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மீட்பு அணியில் இருந்த நரைத்த தலைப் பெண்மணி ஒருவர் என்னிடம் வந்து குந்தி இருந்து, கோபம் இல்லாத குரலில் கேட்டார். யார் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது?

நீ என் எதிரே இருந்தாய். உன் உதடு இன்னும் நீலமாக இருந்தது. நான் உன்னைக் காட்டினேன். "என் மகன். அவன்தான் மலை தெரிந்தவன்" என்று என் இங்கிலீஷில் சொன்னேன். நீ மலை தெரிந்தவன் என்பது உண்மை. அந்த உண்மையில் சாய்ந்துதான் என் பொய் நின்றது.

நீ என்னைப் பார்த்தாய். நான் கோப்பைக்குள் பார்த்தேன். அவர் உன்னை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய் நெடுநேரம் கதைத்தார். அனுபவம் இருக்கிறது, சாமான் இருக்கிறது, கூட்டிப்போகிறவனுக்கு 'இல்லை' என்று சொல்லத் தெரிய வேண்டும் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. கார் நிறுத்துமிடத்தில் சொன்னவன், ஊற்றடியில் சொன்னவன், பள்ளத்தில் பிளீஸ் போட்டுச் சொன்னவன், தலையைக் குனிந்து "யெஸ், யெஸ்" என்று கேட்டுக்கொண்டு நின்றாய்.

அதன் பிறகு பொய் சொல்வது சுகமாகிவிட்டது. அம்மாவிடம் தொலைபேசியில், "உன்ர மகனின்ர மலைப் பைத்தியம்தான்" என்றேன். கோயில் மண்டபத்தில் யாராவது கேட்டால், பெருமூச்சு விட்டு, "இந்தக் காலத்துப் பிள்ளையள் எங்க சொல்லுக் கேக்குதுகள்" என்பேன். சனம் என்மேல் இரக்கப்பட்டது. அந்த இரக்கத்தை நான் வாங்கிக்கொண்டேன், கவின். அம்மா மாதக்கணக்காக உன்னோடு சரியாகக் கதைக்கவில்லை. உன் மலை நடைக்குழுவில் புதியவர்களைக் கூட்டிப்போகும் பொறுப்பை நீயாகவே விட்டாய். ஏன் என்று நான் கேட்டதற்கு, அந்தப் பெண்மணி சொன்னது நியாயம்தான் என்கிற மாதிரி, "ஃபெயர் இனஃப்" என்று தோளைக் குலுக்கினாய். சிவா காலுக்குள் இரும்போடு ஊருக்குப் போனான். இனிக் கரப்பந்து விளையாட மாட்டான்.

போன சனிக்கிழமை மாசியில் ஒரு பிறந்தநாள் விருந்து. அங்கே ஒருவர் தன் மகன்மாரைப் பற்றிச் சொல்லும்போது, "உங்கட பெடியனைப் போல நான் அவிழ்த்து விடமாட்டன்" என்றார். அம்மா தன் தட்டைப் பார்த்தாள். திரும்பி வரும்போது மழை. வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன், என்ஜினை நிறுத்தவில்லை. அவள் பெல்ட்டைக் கழற்றியபோது சொன்னேன். "கவின் கூட்டிக்கொண்டு போகேல்லை. நான்தான்."

அவள் விளங்காமல் பார்த்தாள். "அப்ப அவன் வேண்டாமெண்டு சொன்னவனோ?"

"ஓம். திரும்பத் திரும்பச் சொன்னவன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. வைப்பர் அங்கும் இங்கும் போவதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு, "நான் எயார்போட்டில அவனைக் கட்டிப்பிடிக்கேல்லை," என்றாள். அதை மட்டும்தான் சொன்னாள்.

உள்ளே போனதும் சிவாவுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்தாள். "நீங்களே சொல்லுங்கோ." சொன்னேன்.  சிவா சொன்னான்: "அத்தான், நான் அங்கதானே நிண்டனான். எனக்குத் தெரியாதே?"

"பின்னை ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?" என்று அம்மா கேட்டாள்.

"அக்கா, ஆஸ்பத்திரியில மருமகன் என்ர கட்டிலடியில இருந்து கேட்டவன். தன்ர அரைகுறைத் தமிழில. 'மாமா, அப்பாவைச் சொல்லிக் குடுக்காதேங்கோ. அவருக்குச் சனத்துக்கு முன்னால வெக்கமாப் போயிடும்' எண்டு. நான் வாக்குக் குடுத்திட்டன்."

நான் எழுந்து குசினிப் பக்கம் போனேன். அங்கே போய் என்ன செய்வதென்று தெரியவில்லை. குழாயைத் திறந்து மூடினேன்.

உனக்கு ஆலோசனை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் அப்பன் என்ற பெயரில் இரண்டு சொல்கிறேன். நான் உனக்கு ஊட்டிய மரியாதையை மலைக்குக் கொண்டுபோகாதே. என்னைப் போல ஒருவன், தலை நரைத்தவனோ பெரிய ஆளோ, உன் பேச்சைத் தாண்டி நடந்தால் அவன் பின்னால் போகாதே. கார்ச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டு கத்து. மற்றது, அந்தப் பொறுப்பைத் திரும்ப எடு. அங்கேயும் ஒரு நடைக்குழு இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு உன்னைப் போல ஒருவன் முன்னால் நடக்க வேண்டும். அந்த நரைத்த தலைப் பெண்மணிக்கும் நான் எழுதுகிறேன். என் இங்கிலீஷிலேயே எழுதுகிறேன், உன்னைத் திருத்தச் சொல்லாமல்.

இதை வாசிக்கும் பெற்றோருக்கு ஒன்று. இங்கே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்த விஷயங்கள் உண்டு. இந்த நாட்டு மலை அதில் ஒன்று. அவர்கள் திரும்புவோம் என்றால் திரும்புங்கள்.

சிவாவோடு கதைத்த பிறகு அம்மா அதே ஸ்பீக்கரில் உனக்கு எடுத்தாள். நான் குசினியில் நின்று கேட்டேன். "அப்பா எல்லாத்தையும் சொல்லிப்போட்டார், தம்பி," என்று சொல்லிவிட்டு அவள் அழத் தொடங்கிவிட்டாள்.  நீ ஏசுவாய் என்று காத்துக்கொண்டு நின்றேன். பிறகு உன் குரல் கேட்டது. "அப்பா ஓகேயா?"

அம்மா போனை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. பின் கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் போய் நின்றேன்.

உன் கேள்விக்குப் பதில் இது. இல்லை மகன், ஓகே இல்லை. அதை நீ வந்து சரிப்படுத்தவும் வேண்டாம். பனியிலிருந்து என்னை இறக்கினாய், அது உன் பெருந்தன்மை. என் பொய்யிலும் என்னை மூடிக் காப்பாற்றினாய். அதை நீ செய்திருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நானே உனக்குப் போன் எடுக்கிறேன். அன்று என்னைப் பற்றி விசாரிக்காதே. கோபப்படு. மனதில் இருக்கிறதை எல்லாம் சொல்லி ஏசு. தமிழில் வராவிட்டால் இங்கிலீஷில் ஏசு, எனக்கு விளங்கும். நான் போனை வைக்கமாட்டேன்.

அப்பா
ரானுயி